தனக்கும் ஒரு பங்கு

முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர்களின் இல்லங்களுக்கு நற்கருணை எடுத்துச் செல்வது பங்குப் பணியில் மனநிறைவு தரும் கடமைகளுள் ஒன்று. சில ஆண்டுகளுக்கு முன் நாம் பணியாற்றிய பங்கில் அவ்வாறு சென்று வந்த வீடு ஒன்று இன்றும் நம் நினைவை விட்டு அகலவில்லை. படுக்கையில் கிடந்தவர் முதியவர் ஒருவர். அவருக்குப் பணிவிடை செய்தவர் அவருடைய மனைவி. அந்த அம்மையாருக்கு வயது அறுபதைத் தாண்டியிருக்கும். கணவர், இரண்டு மகன்கள், மருமகள், மூன்று பேரக் குழந்தைகள் எனக் குடும்பம் முழுவதும் அவருடைய கையையே நம்பியிருந்தது. விடியுமுன் எழுவார், தண்ணீர் பிடிப்பார், சமைப்பார், கணவரைக் குளிப்பாட்டுவார், பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்புவார். எல்லாரும் உண்டு முடித்த பின் சட்டியில் எஞ்சியதை உண்பார். எஞ்சவில்லை எனில் நீராகாரத்தோடு முடித்துக்கொள்வார்.

"நீங்க சாப்பிட்டாச்சாம்மா?" என்று நாம் கேட்கும்போதெல்லாம், "எனக்கென்ன சாமி, எல்லாரும் சாப்பிட்டா எனக்கு வயிறு நெறஞ்ச மாதிரி" என்பார்.

அவ்வாண்டு அன்னை மரியாவின் பிறப்பு விழா மறையுரையில் அவரை எடுத்துக்காட்டாக வைத்துப் பேசினோம். பெயரைச் சொல்லவில்லை, ஆயினும் யாரைச் சொல்கிறோம் என்பது அனைவருக்கும் புரிந்தது. அவர் முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தலையைக் குனிந்துகொண்டார்.

அடுத்த தவக்காலத்தில் அவர் இறந்துபோனார். மூன்று நாட்களாக மேல் முதுகில் வலி இருந்திருக்கிறது. படி ஏறினால் மூச்சு வாங்கியிருக்கிறது. வாயுத் தொல்லை என்று எண்ணி ஓமத் தண்ணீர் குடித்துவிட்டு வேலையைத் தொடர்ந்திருக்கிறார். பேரனுக்குத் தேர்வு முடியட்டும், கணவருக்கு மருந்து வாங்கும் நாள் கழியட்டும் என்று மருத்துவமனைக்குப் போவதைத் தள்ளிப்போட்டிருக்கிறார். நான்காம் நாள் அதிகாலையில் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டார். நோயிற்பூசுதலுக்கான எண்ணெயோடு நாம் போய்ச் சேர்ந்தபோது உலையில் நீர் இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.

அடக்கம் முடிந்த மறுநாள், வெளியூரில் வாழ்க்கைப்பட்டிருந்த அவருடைய மகள் பங்கு இல்லத்துக்கு வந்தார். அழுகை ஓய்ந்த முகத்தோடு அமைதியாகவே கேட்டார்: "சாமி, எங்கம்மாவ நீங்க கோயில்ல பாராட்டிப் பேசினீங்க. அம்மா செஞ்சது சரியா, தப்பா? சரின்னா, நானும் அப்படியே இருந்துட்டுப் போயிரணுமா?"

ஆறுதலாகச் சில சொற்களைச் சொன்னோம். தியாகம், கைம்மாறு, விண்ணகம் என்றெல்லாம் சொன்னோம். அவை பொய்யல்ல, ஆனால் அவருடைய கேள்விக்கு அவை விடையாகவும் இல்லை. அது அவருக்கும் தெரிந்தது, நமக்கும் தெரிந்தது. அன்று சொல்லத் தெரியாத விடையை இன்று தேடிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மருத்துவர் வரைந்த படம்

சில வாரங்கள் கழித்து, நம் பங்கைச் சேர்ந்த மருத்துவர் ஒருவரிடம் அம்மையாரின் மறைவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம். அவர் மருந்துச் சீட்டின் பின்புறத்தைத் திருப்பி, ஓர் இதயத்தை வரைந்தார். குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் கற்ற நமக்கு, நம் மார்புக்குள் ஓயாது இயங்கும் உறுப்பைப் பற்றி எவ்வளவு குறைவாகத் தெரியும் என்பது அன்றுதான் விளங்கிற்று. அவர் சொல்லியதையும், அதன்பின் நாம் படித்து அறிந்ததையும் சுருக்கமாகச் சொல்லுவோம்.

வளர்ந்த மனிதனின் இதயம் அவனவன் மூடிய கையளவு இருக்கும். எடை ஏறத்தாழ 300 கிராம். இரண்டு நுரையீரல்களுக்கும் நடுவில், சற்றே இடப்பக்கம் சாய்ந்து அமைந்திருக்கிறது. அதைச் சுற்றி இரட்டைப் படலமாக ஓர் உறை; படலங்களுக்கு இடையே சிறிதளவு நீர்மம். அதனால் உரசலின்றி அது துடிக்க முடிகிறது.

உள்ளே நான்கு அறைகள். மேலே இரண்டு, கீழே இரண்டு. மேலறைகளை ஆரிக்கிள் என்றும் கீழறைகளை வெண்ட்ரிக்கிள் என்றும் பள்ளிப் பாடத்தில் படித்திருப்போம். வலப்பக்கத்தையும் இடப்பக்கத்தையும் ஒரு தடுப்புச் சுவர் முற்றாகப் பிரிக்கிறது. உடலெங்கும் சுற்றி, பிராணவாயுவைக் கொடுத்துவிட்டுக் கரியமிலவாயுவைச் சுமந்து வரும் இரத்தம், இரண்டு பெருஞ்சிரைகள் வழியாக வலது மேலறைக்கு வருகிறது. அங்கிருந்து வலது கீழறை, அங்கிருந்து நுரையீரல்கள். நுரையீரலில் தூய்மை பெற்ற இரத்தம் இடது மேலறைக்குத் திரும்புகிறது. இடது கீழறைக்கு இறங்குகிறது. அங்கிருந்து பெருந்தமனி வழியாக உடல் முழுவதற்கும் செலுத்தப்படுகிறது.

அறைகளுக்கு இடையிலும் வெளியேறும் வாயில்களிலுமாக நான்கு வால்வுகள் உள்ளன. இவை ஒருவழிக் கதவுகள். முன்னே போன இரத்தம் பின்னே திரும்ப விடமாட்டா. மேலறைக்கும் கீழறைக்கும் இடைப்பட்ட கதவுகளின் இதழ்களை, குடைத்துணியைக் கம்பிகள் பிடித்திருப்பது போல, மெல்லிய நாண்கள் கீழிருந்து பிடித்திருக்கின்றன. கீழறை எவ்வளவு வலிமையாகச் சுருங்கினாலும் இதழ்கள் மேல்நோக்கிப் புரண்டுவிடாதபடி அவை காக்கின்றன. மருத்துவர் காதில் குழாயை வைத்துக் கேட்கும் 'லப்', 'டப்' என்னும் இரண்டு ஒலிகளும் இக்கதவுகள் மூடும் ஓசைகளே. உள்கதவுகள் மூடுவது முதல் ஒலி. வெளிவாயிற் கதவுகள் மூடுவது இரண்டாவது.

வலது கீழறை அருகிலுள்ள நுரையீரலுக்கு அனுப்புகிறது. இடது கீழறையோ உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை அனுப்பவேண்டும். ஆகவே இடது கீழறையின் சுவர் வலதைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு தடிப்பானது. ஆயினும் இரண்டும் அனுப்பும் அளவு ஒன்றே. ஒரு துடிப்புக்கு ஏறத்தாழ 70 மில்லி லிட்டர்; நிமிடத்துக்கு ஏறத்தாழ 70 துடிப்பு; ஆக நிமிடத்துக்கு 5 லிட்டர். ஒரு நாளில் ஒரு இலட்சம் துடிப்பு, 7,000 லிட்டர் இரத்தம். இது ஓய்ந்திருக்கும் மனிதனுக்கு. உழைக்கும் மனிதனுக்கு இன்னும் மிகுதி.

இவ்வளவையும் இறைத்துத் தள்ளும் இதயம் தனக்கென எதை எடுத்துக்கொள்கிறது? நம் கேள்விக்கு வாசல் திறந்த இடம் இதுதான்.

இதயம் எங்கே உண்கிறது?

தன் அறைகளில் எப்போதும் இரத்தம் நிறைந்திருப்பதால், இதயம் அதிலிருந்தே ஊட்டம் பெறும் என்று நாம் எண்ணியிருந்தோம். அது தவறு. உட்புறத்து மெல்லிய படலம் ஒன்றைத் தவிர, இதயத்தின் தடித்த தசைக்கு அந்த இரத்தத்தால் பயனில்லை. நாள்தோறும் ஆயிரக்கணக்கான லிட்டர் தன்னுள்ளே புரண்டு ஓடினும், அதிலிருந்து நேரே ஒரு வாய் அள்ளிக் குடிக்க அதனால் இயலாது. வேறெந்த உறுப்பையும் போல, அதற்கும் தமனி வழியாகவே உணவு வரவேண்டும்.

அந்தத் தமனிகள் எங்கே தொடங்குகின்றன என்பதை மருத்துவர் பேனா முனையால் தொட்டுக் காட்டினார். இடது கீழறையிலிருந்து பெருந்தமனி புறப்படுகிறது. வாயிற் கதவைத் தாண்டியதும், மூளைக்கோ கைக்கோ குடலுக்கோ கிளை பிரிவதற்கு முன், முதன்முதலாகப் பிரியும் இரண்டு கிளைகளும் இதயத்துக்கே திரும்பி வருகின்றன. இவையே கரோனரித் தமனிகள். அவை மகுடம்போல் இதயத்தைச் சுற்றிப் படர்வதால் அப்பெயர் பெற்றன. உடல் என்னும் இப்பெருங் குடும்பத்தில் முதற்பந்தியில் அமர்வது, அனைவருக்கும் பரிமாறும் இதயமே!

எவ்வளவு உண்கிறது? மொத்தத்தில் நூற்றுக்கு 4 அல்லது 5 பங்கு. சிறுநீரகங்கள் இரண்டும் சேர்ந்து ஏறத்தாழ 20 பங்கு பெறுகின்றன என்பதை நோக்க இது குறைவு. ஆனால் எடையை நோக்கினால் குறைவு என்று சொல்ல முடியாது. 60 கிலோ எடையுள்ளவரின் உடலில் இதயம் நூற்றுக்கு அரைப் பங்கே. அது பெறும் இரத்தமோ அதைப்போல் ஏறத்தாழ 10 மடங்கு. எடைக்கு ஏற்ற பங்கன்று, உழைப்புக்கு ஏற்ற பங்கு அதற்குக் கிடைக்கிறது. அப்படிப் பெற்றதை அது வீணாக்குவதும் இல்லை. உடல் முழுவதையும் சேர்த்துப் பார்த்தால், ஓய்வு நிலையில் இரத்தத்திலுள்ள பிராணவாயுவில் ஏறத்தாழக் கால் பங்கே பயன்படுகிறது. இதயத் தசையோ தனக்கு வந்ததில் ஏறத்தாழ முக்கால் பங்கைப் பயன்படுத்திவிடுகிறது.

எப்போது உண்கிறது? இது இன்னும் வியப்பானது. இடது கீழறை சுருங்கும்போது, அந்த அழுத்தத்திலேயே அதன் தசைக்குள் ஓடும் சிறு தமனிகளும் நெரிபடுகின்றன. அந்த நேரத்தில் உணவு சரிவர உள்ளே போவதில்லை. இதயம் தளரும்போதுதான் அந்தக் குழாய்கள் திறந்து இரத்தம் பாய்கிறது. கொடுக்கும் கணத்தில் அது உண்ண முடியாது. ஓயும் கணத்தில்தான் உண்ண முடியும். ஒரு துடிப்புக்கு ஆகும் நேரம் ஏறத்தாழ 0.8 விநாடி. அதில் கீழறைகள் சுருங்குவது 0.3 விநாடி, தளர்ந்திருப்பது 0.5 விநாடி. கணக்கிட்டுப் பார்த்தால், ஓய்வான ஒரு நாளின் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 15 மணி நேரம் கீழறைகள் தளர்ந்தே இருக்கின்றன. "வாழ்நாள் முழுவதும் ஓயாமல் உழைக்கிறது இதயம்" என்று நாமும் மறையுரைகளில் முழங்கியிருக்கிறோம். அது ஓய்கிறது, ஒவ்வொரு துடிப்பிலும் ஓய்கிறது, ஓய்வதாலேயே எண்பது ஆண்டு உழைக்கிறது. துடிப்பு மிக வேகமாகும்போது முதலில் சுருங்கிப்போவது இந்த ஓய்வு நேரமே. உழைப்பு கூடும் அதே வேளையில் உணவு வேளை குறைகிறது. ஏற்கெனவே அடைப்பு உள்ள தமனியாயின், ஆபத்து அங்கேதான் தலைகாட்டுகிறது.

"அந்த அம்மாவுக்கு நடந்தது அதுதான் சாமி" என்றார் மருத்துவர். கரோனரித் தமனி அடைபட்டால் அது ஊட்டும் தசைப்பகுதி பட்டினியில் மடியத் தொடங்குகிறது. மடிந்த தசை மீண்டும் வளர்வது அரிது. அதனால்தான் முதல் சில மணி நேரத்துக்குள் மருத்துவமனை சேரவேண்டும் என்று வற்புறுத்துகிறார்கள். எல்லாருக்கும் நெஞ்சைப் பிடித்துக்கொள்ளும்படி வலி வரும் என்பதும் இல்லை. குறிப்பாகப் பெண்களுக்கு முதுகு வலி, தாடை வலி, மூச்சுத் திணறல், காரணமில்லாத அசதி, குமட்டல் என்றும் அது தோன்றலாம். ஓமத் தண்ணீரில் அது தீராது.

உடல்நூல் அறநூல் ஆகுமா?

இங்கே ஒரு தடையை நாமே எழுப்பிக்கொள்ள வேண்டும். இயற்கையில் ஒன்று இவ்வாறு இருக்கிறது என்பதாலேயே, மனிதன் அவ்வாறு நடக்க வேண்டும் என்று முடிவு கட்டலாகாது. பெரிய மீன் சிறிய மீனை விழுங்குவதும் இயற்கைதான். அதை யாரும் அறமாகக் கொள்வதில்லை. இதயத்துக்கு விருப்பு இல்லை, தேர்வு இல்லை; எனவே புண்ணியமும் இல்லை, பாவமும் இல்லை. அது முதற்பந்தியில் அமர்வது தன்னலமும் அன்று, பிறர்நலமும் அன்று. அப்படியிருக்க, அதைக் காட்டி ஒரு மனிதரின் வாழ்வை எடைபோடலாமா?

எடைபோட முடியாது என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஒரு தவறான எண்ணத்தைக் கலைப்பதற்கு இதயம் உதவும். பெறுவது வேறு, கொடுப்பது வேறு. ஒன்று கூடினால் மற்றொன்று குறையும். ஆகவே தனக்கென எதுவும் வைத்துக்கொள்ளாதவரே முழுமையாகக் கொடுப்பவர் என்று நாம் எண்ணிவந்தோம். கொடுத்தலுக்கும் பெறுதலுக்கும் இடையே அப்படி ஒரு பகை இருந்தே தீரவேண்டியதில்லை என்பதற்கு இதயம் சான்று. அறம் எது என்பதையோ, நாம் வேறிடத்தில்தான் கேட்டறிய வேண்டும்.

அக்வினோ நகரப் புனித தோமா, அன்பின் ஒழுங்கைப் பற்றி எழுதுமிடத்தில், இறைவனுக்கு அடுத்தபடி மனிதன் தன்னையே அன்பு செய்ய வேண்டும் என்றும், பிறரன்பு அதற்குப் பின் வருவது என்றும் கூறுகிறார். கேட்பதற்கு அதிர்ச்சியாக இருக்கிறது அல்லவா? ஆண்டவர் தந்த கட்டளையை மீண்டும் எண்ணிப் பாருங்கள். பிறரை அன்பு செய்வதற்கு அவர் வைத்த அளவுகோல், நம்மை நாம் அன்பு செய்வதே. அளவுகோலை உடைத்துவிட்டு எதைக் கொண்டு அளப்பது? ஆயினும் புனித தோமா அத்தோடு நிற்கவில்லை. நம் ஆன்மாவின் நலனைப் பிறருக்காக விட்டுக்கொடுக்கலாகாது. ஆனால் நம் உடலின் நலனைவிடப் பிறருடைய ஆன்ம நலன் மேலானது என்றும் சேர்த்தே சொல்கிறார்.

12-ஆம் நூற்றாண்டில் புனித பெர்நார்து, தம் துறவு இல்லத்தில் சீடராக இருந்து பின்னர் மூன்றாம் யூஜின் என்னும் பெயரில் திருத்தந்தையான தம் நண்பருக்கு ஓர் அறிவுரை நூல் எழுதினார். எல்லாருக்கும் உரியவராக இருக்கும் நீர், அந்த 'எல்லாரில்' உம்மையும் ஒருவராகச் சேர்த்துக்கொள்ளும் என்பது அதில் அவர் விடுக்கும் வேண்டுகோள். வேறோரிடத்தில், வந்ததை வந்தவுடன் கடத்திவிடும் வாய்க்காலாக இராமல், நிரம்பி வழியும் தொட்டியாக இருக்கும்படி அறிவுறுத்துகிறார். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டார்லிங் என்னும் ஆங்கிலேய அறிஞர் இதயத்தைப் பற்றிக் கண்டு விளக்கிய விதி ஒன்று இத்தோடு ஒப்பிடத் தக்கது. தளர்ந்திருக்கும் வேளையில் எவ்வளவுக்கு நிரம்புகிறதோ, அவ்வளவுக்கு வலிமையாகச் சுருங்கி வெளியேற்றுகிறது இதயம். வராததை அதனால் அனுப்ப இயலாது.

நம் தமிழும் இதை அறியும். 'பகுத்துண்ணல்' என்னும் சொல்லை நோக்குங்கள். அதில் இரண்டு வினைகள் உள்ளன: பகுத்தல் ஒன்று, உண்ணல் ஒன்று. விருந்தினரை வெளியே நிறுத்திவிட்டுத் தான்மட்டும் உண்பதை வள்ளுவர் இழிவென்றார். விருந்தினருக்கு இட்டுவிட்டுத் தான் உண்ணாமலே சாக வேண்டும் என்று அவர் எங்கும் சொல்லவில்லை.

கொடுத்தது திரும்ப வேண்டாமா?

இதுவரை சொன்னதைக் கேட்டு, "அப்படியானால் அந்த அம்மையார் செய்தது தவறு என்கிறீர்களா?" என்று நீங்கள் கேட்கலாம். இறந்துபோன ஒரு தாயின்மீது குற்றம் சுமத்திவிட்டுக் கட்டுரையை முடித்துக்கொள்வது எளிது. அது நீதியாகாது. இந்த இடத்தில் மருத்துவ வரலாற்றின் ஒரு பக்கத்தைப் புரட்டவேண்டும்.

கிறிஸ்துவுக்குப் பின் இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த காலன் என்னும் கிரேக்க மருத்துவர், உண்ட உணவிலிருந்து கல்லீரல் இரத்தத்தை உண்டாக்குகிறது, உறுப்புகள் அதை உண்டு தீர்த்துவிடுகின்றன, மீண்டும் புதிதாக உண்டாகிறது என்று கருதினார். ஆயிரத்து நானூறு ஆண்டுகளாக ஐரோப்பா இதையே நம்பிற்று. பதுவை நகரில் பயின்ற ஆங்கில மருத்துவர் வில்லியம் ஹார்வி, 1628-இல் வெளியிட்ட சிறு நூலில் ஓர் எளிய கணக்கைப் போட்டுக் காட்டினார். ஒரு துடிப்புக்கு மிகக் குறைந்த அளவே வெளியேறுகிறது என்று வைத்துக்கொண்டாலும், அரை மணி நேரத்தில் இதயம் வெளியேற்றும் இரத்தம் உடலிலுள்ள மொத்த இரத்தத்தையும் மிஞ்சிவிடுகிறது. அவ்வளவு இரத்தம் ஓயாமல் புதிதாக உண்டாக முடியாது. உறுப்புகள் அதை உண்டு தீர்க்கவும் முடியாது. எனவே போனது திரும்பி வருகிறது. இரத்தம் சுற்றிச் சுழல்கிறது. தமனியிலிருந்து சிரைக்கு அது எப்படிக் கடக்கிறது என்பதை ஹார்வி காணவில்லை. அவர் நூல் வெளிவந்த அதே ஆண்டில் பிறந்த மார்செல்லோ மல்பீகி, 1661-இல் தவளையின் நுரையீரலை நுண்ணோக்கியில் பார்த்து, மயிரினும் மெல்லிய தந்துகிகளைக் கண்டு அறிவித்தார். இந்த மல்பீகிதான் பிற்காலத்தில் திருத்தந்தை பன்னிரண்டாம் இன்னொசென்டுக்கு மருத்துவராகப் பணியாற்றியவர்.

திரும்பி வருவதும் தானாக நிகழ்ந்துவிடுவதில்லை. பாதத்திலிருந்து மார்புக்கு இரத்தம் மேல்நோக்கி ஏற வேண்டும். அதற்காகக் கால் சிரைகளுக்குள் சிறு சிறு வால்வுகள் உள்ளன. நடக்கும்போது கெண்டைக்கால் தசைகள் சிரைகளை அழுத்தி, இரத்தத்தைப் படிப்படியாக மேலே தள்ளுகின்றன. பெற்றுக்கொண்ட உறுப்பு, திருப்பி அனுப்ப உழைக்கிறது. அது அனுப்பாவிட்டால், எவ்வளவு வலிமையான இதயமும் வெறுமையாகத்தான் துடிக்கும்.

அம்மையாரின் வீட்டில் நின்றுபோனது எது என்பது இப்போது விளங்குகிறது. அவர் கொடுத்துக்கொண்டிருந்தார், நாம் பெற்றுக்கொண்டிருந்தோம், எதுவும் திரும்பிச் செல்லவில்லை. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் "நீ முதலில் உட்கார், நான் பரிமாறுகிறேன்" என்று ஒருநாளும் ஒருவரும் சொல்லவில்லை. மூன்று நாள் மூச்சு வாங்கியதை ஒருவரும் கவனிக்கவில்லை. எஞ்சியதையே உண்பவர் என்று தெரிந்தும் யாரும் மிச்சம் வைக்கவில்லை. நாமோ பீடத்தில் நின்று அதைப் புகழ்ந்தோம்! அவர் பசித்திருப்பதைக் கண்டும் அதைப் புண்ணியம் என்று பெயரிட்டதால், அவர் பந்தியில் அமர்வதற்கு இருந்த கடைசி வழியையும் நாமே அடைத்துவிட்டோமோ என்னும் எண்ணம் இன்றும் நம்மை உறுத்துகிறது. ஒரு பெண்ணின் பட்டினியை மறையுரையில் போற்றிவிட்டால், அதைப் போக்கும் கடமை யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது.

குத்தித் திறக்கப்பட்ட இதயம்

நம் மக்கள் வீடுதோறும் திரு இருதயப் படத்தை நிறுவி வணங்குபவர்கள். 1956-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதரும், 2024-இல் திருத்தந்தை பிரான்சிசும் அவ்விருதயத்தைப் பற்றித் தனித் திருமடல்களே எழுதினார்கள். ஈட்டியால் குத்தித் திறக்கப்பட்டு, இரத்தமும் நீரும் வடிந்த இதயம் அது. இறுதித் துளிவரை கொடுத்த அந்த இதயத்தின் முன், "எனக்கும் ஒரு பங்கு" என்று கேட்பது எப்படித் தகும்?

நற்செய்தியை நிதானமாகப் படிப்போம். கல்வாரியில் எல்லாவற்றையும் கொடுத்த அதே ஆண்டவர், சமாரியப் பெண்ணிடம் தண்ணீர் கேட்டார். படகில் தலையணை வைத்து உறங்கினார். பெத்தானியாவில் மார்த்தா சமைத்த உணவை உண்டார். கலிலேயப் பெண்கள் தங்கள் உடைமைகளால் செய்த பணிவிடையை ஏற்றுக்கொண்டார். பணிமுடித்துத் திரும்பிய சீடர்கள் உண்ணவும் நேரமில்லாதிருந்ததைக் கண்டு, தனிமையான இடத்துக்கு வந்து ஓய்வெடுக்கச் சொன்னார். சிலுவையின் பாரத்தைக்கூடச் சிரேன் ஊர்ச் சீமோன் சிறிது சுமக்க இடங்கொடுத்தார். பெறுவதற்கு அவர் வெட்கப்படவில்லை.

உயிரையே கொடுக்க வேண்டிய வேளையும் வரும். 1941-இல் அவுஷ்விட்ஸ் வதை முகாமில், பட்டினியால் சாகும்படி தேர்ந்தெடுக்கப்பட்ட குடும்பத் தலைவர் ஒருவருக்குப் பதிலாகத் தம்மைக் கையளித்தார் புனித மாக்சிமிலியன் கோல்பே. அந்த மனிதர் பிழைத்தார்; 1982-இல் கோல்பே புனிதராக உயர்த்தப்பட்ட திருச்சடங்கிலும் பங்கேற்றார். உடற்கூறு விதிக்கும் எல்லையை அன்பு தாண்டும் இடம் இது. அங்கே இதய உவமை நின்றுவிடுகிறது, நிற்கத்தான் வேண்டும். ஆனால் கோல்பே தம் உயிரைக் கொடுத்தது, வேறு வழியே இல்லாத இடத்தில், தெரிந்து, தேர்ந்து, ஓர் உயிரைக் காப்பதற்காக. ஒரு தட்டுச் சோற்றாலும் ஒருநாள் மருத்துவமனைப் பயணத்தாலும் தீரக்கூடிய ஒன்றுக்காக ஓர் உயிர் போவதை அந்தப் பெருந்தியாகத்தோடு ஒன்றாக எண்ணுவது சரியாகாது. முன்னது பலி, பின்னது நம் கவனக்குறைவு. பின்னதற்கு முன்னதன் பெயரைச் சூட்டி நாம் தப்பித்துக்கொள்ளக் கூடாது.

அன்பர்களே, ஒருவேளை அந்த மகளும் இதைப் படிக்கக்கூடும். எனவே அவருக்கே விடை சொல்லி முடிக்கிறோம்.

மகளே, உன் தாய் கொண்டிருந்த அன்பு சரியானது; அதில் ஐயம் வேண்டாம். அந்த அன்பு திரும்பி வரும் வழியை அடைத்து வைத்திருந்த நாங்கள்தாம் தவறினோம். புகழ்ந்து பேசிய நாமும் அதில் ஒருவர். உன் தாயைப் போல் நீயும் கொடு. ஆனால் உன் வீட்டாருக்குத் திருப்பித் தரவும் கற்றுக்கொடு. உன் மகன் உனக்குப் பரிமாறட்டும். கணவர் உன்னை மருத்துவரிடம் அழைத்துச் செல்லட்டும். வலி வந்தால் வலிக்கிறது என்று சொல். வேலை முடிந்தபின் ஓயலாம் என்று காத்திராதே, வேலை முடிவதில்லை. முதலில் உண்பதற்கு அஞ்சாதே. அளவாக உண், உண்டதை வீணாக்காதே, மற்றதையெல்லாம் கொடுத்துவிடு. உன் மார்புக்குள் இருக்கும் இதயம் இந்த நொடியிலும் அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறது.

இப்போதும் நாம் முதல் வெள்ளிக்கிழமைகளில் வீடுகளுக்குச் செல்கிறோம். நற்கருணை வழங்கியபின் அடுப்படிப் பக்கம் திரும்பி, "சாப்பிட்டாச்சாம்மா?" என்று கேட்கும் வழக்கமும் மாறவில்லை. "எனக்கென்ன சாமி" என்று விடை வந்தால், முன்போல் புன்னகைத்துவிட்டு வெளியேறுவதில்லை. வீட்டிலுள்ள மற்றவர்களை அழைத்து, ஒரு தட்டு எடுத்து வைக்கச் சொல்லிவிட்டு, அவர் உண்ணத் தொடங்கும்வரை உட்கார்ந்திருக்கிறோம்.